‘இல்லை’ என்று எழுதிய குருவி

மர அறுவை மில்லில் முப்பது வருஷமாக ரம்பம் ஓட்டுகிறவருக்கு, ஞாயிற்றுக்கிழமை விடிந்தாலும் மரத்தடியில்தான் நிற்க வேண்டும். பொழைப்பும் மரம், பொழுதுபோக்கும் மரமா என்று கேட்டுக் கேட்டு மனைவிக்கு அலுத்துவிட்டது. ஆற்றோரம் வெள்ளம் ஏறி இறங்கும் தாழ்வான காட்டில், சரணாலய அலுவலகத்துக்காகப் பத்தொன்பது வருஷமாகச் சம்பளமில்லாமல் பறவை எண்ணுகிறார். மழைக்காலத்தில் சேற்றில் நின்று நாரை, பனிக்காலத்தில் வெளியூர் வாத்து, கோடையில் கூடு கட்டும் குருவிகள். முழங்கால் வலி மட்டும் எல்லாப் பருவத்திலும் உண்டு.

கதிர்க்குருவி கட்டைவிரல் அளவுதான். இலைக்குள் புகுந்துவிட்டால் கண்ணில் சிக்காது, குரலை வைத்துத்தான் எண்ண வேண்டும். மூன்று கோடையாக அதன் சத்தமே இல்லை. ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தார். குருவியே இல்லாத கரையை எதற்குப் பூட்டி வைப்பது என்று, அலுவலகம் அங்கே வண்டிப் பாதை போட முடிவெடுத்தது.

போன மாதம் அவர் சேற்றில் வழுக்கி விழுந்ததால், இந்தத் தடவை மனைவியும் துணைக்கு வந்தாள்.

“என்னங்க இது, இப்படிக் காதைத் துளைக்குது? வாயே மூடாதா?”

“எது?”

“அதாங்க, அந்தப் புதர்ல. ட்ஸீ ட்ஸீ ட்ஸீன்னு கத்திட்டு, கடைசியில ஒரு இழுப்பு.” தன் கரகரத்த தொண்டையில் அதைப் பாடியே காட்டினாள்.

அந்த இழுப்பு அவருக்கு மனப்பாடம். புதரில் இலை அசைவது தெரிந்தது. குரல் மட்டும் கேட்கவில்லை. உட்கார இடம் தேடினார்.

“டிவியை அலற விடும்போதே சொன்னேன். சொன்னா சண்டைக்குத்தான் வர்றீங்க,” என்றாள் அவள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

விஷயத்தைச் சொன்னால் எண்ணும் வேலை போய்விடும். அது போனால் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. இருந்தும் மறுநாள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அலுவலகம் போனார்.

“குருவி இருக்கா! நல்லவேளை ஐயா, பாதையை நிறுத்திடலாம்,” என்று முகம் மலர்ந்தார் இளவயது வனச்சரகர். பழைய நோட்டுகளை எடுத்து மேஜையில் அடுக்கினார். “எந்த வருஷத்துலேருந்து காது கேக்கல? அதுலேருந்து அடிச்சிடறேன்.”

அவர் யோசித்தார். ஒரே நாளில் போன காதா, தேதி சொல்ல? ஐந்து என்று எழுதிய வருஷம் பத்து இருந்திருக்கும். அதற்கு முந்தைய வருஷம்? நோட்டுகளில் அவர் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

“தெரியலையே சார்.”

“அப்ப எதை நம்பறதுங்கய்யா?”

“குருவிக் கணக்கு மொத்தத்தையும் அடிச்சிடுங்க,” என்று சொல்லி, பேனாவை அவரே எடுத்துக் கொடுத்தார்.