பக்கவாட்டில் ஒரு தரிசனம்

தலத்தெரு பாலகுருவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் இருபத்தெட்டு வருடங்களைத் திருநள்ளாறு லாட்ஜ் ஒன்றில் மேனேஜராகச் சனி பகவானை நம்பியே ஓட்டிவிட்டார். சனி பிடித்தவர்கள் வருவார்கள், இவர் சாவி கொடுப்பார்.

ஒன்பதாம் வகுப்பில் மூக்குக்கண்ணாடி வில்லையையும் பிளாஸ்டிக் குழாயையும் வைத்துத் தொலைநோக்கி செய்தவர் இவர்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவரே மறந்துவிட்டிருந்தார். சந்திரயான் நிலவில் இறங்கிய சாயங்காலம், ரிசப்ஷன் டிவி முன்னால் நின்றவர், சாவி கேட்ட குடும்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறு மாதமே ஒரு தொலைநோக்கி வாங்கி லாட்ஜ் மொட்டைமாடியில் நிறுத்தினார்.

இரண்டு வருடம் நிலா, வியாழன் என்று யாருக்கும் தொந்தரவில்லாமல் போனது. சனியைப் பார்க்க அவருக்கே கொஞ்சம் உதறல். போன டிசம்பரில் ஒருவழியாகப் பார்த்தார். பார்த்த சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் கீழே ஓடி, "வாங்க, சனியைக் கிட்டத்துல காட்டுறேன்" என்று தங்கியிருந்தவர்களைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் மூன்று அறைகள் காலி.

லாட்ஜ் முதலாளி மாரிக்கண்ணு சத்தம் போடவில்லை. "அவருகிட்டேருந்து தப்பிக்கத்தானே ஜனங்க இங்க வர்றாங்க? சனிக்கிழமைக்குள்ள அந்தக் குழாயை எடுத்துடுங்க. இல்லன்னா சாவியைக் கொடுத்துட்டுப் போயிடுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் பாலகுரு மாடியில் திருகாணிகளைக் கழற்ற உட்கார்ந்தார். கை வரவில்லை. கோயிலில் எள் விளக்கு ஏற்றிவிட்டு, அவரோடு வீட்டுக்குப் போக மனைவி சௌந்தரவல்லி மேலே வந்தாள்.

"ஒரே ஒரு தடவை பாரேன்" என்றார்.

"எனக்கு ஏழரை நடக்குது. கோயில்லயே நேருக்கு நேரா நிக்கக் கூடாதுன்னு ஒதுங்கி நின்னு கும்புட்டுட்டு வர்றேன். நீங்க வேற."

"இதுலயும் நேரா நிக்க வேணாம்."

உண்மைதான். கண் வைக்கும் இடம் குழாயின் விலாவில் இருந்தது. சௌந்தரவல்லி அதைச் சுற்றிவந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலில் நிற்கிற மாதிரியே ஒருக்களித்து நின்று கண்ணை வைத்தாள்.

"குட்டியூண்டு உருண்டை. நடுவுல ஒரு கோடு போவுது."

"அதுதான் வளையம். வட்டமா தெரியணும். இந்த வருஷம் விளிம்பைத்தான் நம்ம பக்கம் காட்டுறார்."

சௌந்தரவல்லி நிமிர்ந்தாள். "அப்ப அவரும் நம்மளை நேரா பாக்கலையா?"

குழாய் போய்விட்டதா என்று பார்க்க வந்த மாரிக்கண்ணு மாடிப்படியிலேயே நின்றிருந்தார். அவருக்கும் ஏழரைதான். "கொஞ்சம் நகருங்கம்மா" என்று செருப்பைக் கழற்றினார்.

இப்போது சனிக்கிழமைகளில் மாடியில் வரிசை நிற்கிறது. எல்லோரும் ஒருக்களித்து நின்று பார்க்கிறார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பாலகுரு இத்தனை சந்தோஷமாக இருந்தது ஒன்பதாம் வகுப்பில்தான். ஒரு விஷயத்தில் மட்டும் கறார். குழாய்க்கு அடியில் எள் விளக்கு வைக்கவிடுவதில்லை. கண்ணாடியில் புகை படிந்துவிடும்.