பட்டன் வாத்தியார் சோதிக்காத கை

பக்கவாதம் வந்தவரைச் சட்டை போடவும் சாவி திருப்பவும் மறுபடி பழக்கும் படிப்புக்குத் தொழில்வழி சிகிச்சை என்று பெயர். அதில் பத்து வருஷம் வைத்தியம், இருபது வருஷம் வாத்திமை என்று குப்பை கொட்டியவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பட்டன் வாத்தியார். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒற்றைக் கையால் பட்டன் போடுவது அவருடைய மூன்றாவது பாடம். அதற்கொரு கதாநாயகர் இருந்தார்: ஒரு தையல்காரர். ஆறு வருஷத்துக்கு முன் வலப்பக்கம் விழுந்துபோய் வந்தவரை வாத்தியார் இரண்டே மாதத்தில் இடது கைக்காரராக்கிக் கைதட்டல் வாங்கிவிட்டார். அன்று முதல் தையல்காரர் வருஷா வருஷம் வகுப்புக்கு வந்து, ஏழு பட்டனையும் நாற்பது வினாடியில் போட்டுக் காட்டுவார். வலது கை, வேண்டாத விருந்தாளி மாதிரி மடியில் கிடக்கும். துணி வெட்டுவதற்கு மட்டும் இடது கை ஒத்துவரவில்லை. கத்தரிக்கோலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, தன் கடையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் முப்பத்தெட்டு வினாடி. கைதட்டல் ஓய்ந்ததும், தூக்கத்துக்குப் பேர்போன கடைசி பெஞ்சு மாணவி எழுந்தாள்.

"சார், அவரோட வலது கட்டைவிரல் அசையுது."

"அது சும்மா துடிப்பும்மா. உக்காரு."

"இல்ல சார். பட்டன் போடும்போது துணியப் புடிச்சுக் குடுக்குது. மூணு தடவ பாத்துட்டேன்."

வாத்தியார் தையல்காரரிடம் போனார். வலது கையை எடுத்து மெல்ல விரித்தார். "என் விரலப் புடிங்க." தையல்காரர் பிடித்தார். பலமில்லாத பிடி, ஆனாலும் பிடி.

'மூன்று மாதத்துக்கு ஒரு முறை கையைச் சோதிக்கவும்' என்று கரும்பலகையில் கோடு போட்டு எழுதுகிறவர், இந்தக் கையைச் சோதித்து ஐந்தரை வருஷம் ஆகியிருந்தது. வேலை, பரீட்சை, கூட்டம் என்று சாக்குகள் வரிசைகட்டி வந்தன. ஒன்றின் முகத்திலும் ஈயாடவில்லை. கை தேறிவிட்டால் பாடம் போய்விடும் என்று அவர் நினைத்ததே இல்லை. அந்தப் பக்கம் நினைப்பு போகாமல் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

"எப்பருந்து இப்படி?"

தையல்காரர் நெளிந்தார். "ரெண்டு வருஷம் இருக்கும் சார்."

"ஏன்யா சொல்லல?"

"இந்தக் கைய வச்சுத்தான நீங்க பாடமே நடத்துறீங்க. அதுல போய் மண்ணள்ளிப் போடுவானேன்னு..."

வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது.

"தப்பு என்னோடது. சோதிச்சிருக்கணும், சோதிக்கல." முப்பது பேனாக்கள் ஓடத் தொடங்கின. "இதையெல்லாம் எழுதாதீங்க" என்றார். பிறகு, "இல்ல, எழுதுங்க."

"மறுபடி கத்தரி புடிப்பேனா சார்?"

"தெரியாது. ரெண்டு வருஷம் முன்னாடின்னா இன்னும் தைரியமா சொல்லியிருப்பேன்."

நல்ல கையைக் கட்டிவைத்து, சோம்பிய கையை வேலை வாங்கும் முறை ஒன்று உண்டு. தையல்காரரின் புகழ்பெற்ற இடது கைக்குத் தடித்த உறை மாட்டி, முதல் பட்டனை அவிழ்த்து வலது கையிடம் ஒப்படைத்தார். பட்டன் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. வாத்தியாரின் விரல்கள் தாமாகவே முன்னால் போயின.

"சார், நீங்க பாத்துக்கிட்டே இருந்தா வர மாட்டேங்குது. கூச்சமா இருக்கு. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்களேன்."

வாத்தியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். மணியடித்தது. யாரும் எழுந்ததாகச் சத்தமில்லை.

"பதினோரு நிமிஷம் சார்" என்றாள் கடைசி பெஞ்சுக்காரி.

"போட்டுட்டாரா?"

"பாதி உள்ள போயிருக்கு. லேசாத் தள்ளி விட்டா போதும்."

"தொடாத. யாரும் தொடக் கூடாது" என்றார் வாத்தியார், சுவரிடம்.