அட்டையில்லாத பைண்டிங்

உலக நடப்பு மாத இதழ் ஒன்றை அப்பா காலத்திலிருந்தே நாற்பது வருஷமாக விடாமல் வாங்குகிறோம். பழைய இதழ்களைப் பைண்டு போடக் கொடுத்தபோது, கடைக்காரரிடம் "அட்டையெல்லாம் கிழிச்சிருங்கண்ணே, கனம் குறையும்" என்றேன். அட்டையோடு தேதியும் போனது.

உசிலம்பட்டியிலிருந்து என் மச்சினி செல்வி வேலைத் தேர்வு எழுத எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பைண்டு புத்தகத்தைத்தான் படித்தாள். முதல் நாள் ஒப்பித்தாள்: "செக்கோஸ்லோவாகியா, தலைநகர் பிராக்."

பத்தாவது படிக்கும் என் மகள் சிரித்தாள். "சித்தி, அந்த நாடு ரெண்டாப் பிரிஞ்சு எம்புட்டு நாளாச்சு!"

"மாமா, உங்களை நம்பித்தானே வந்தேன்!" என்றாள் செல்வி, அழாத குறையாக. உடனே புது இதழ்களைப் பரப்பி, மூவருமாகத் திருத்தினோம். தேர்வில் தேறிவிட்டாள்.

இப்போது அட்டையோடுதான் பைண்டிங். செல்வி போன் செய்தால், "மாமா, நாடெல்லாம் அப்படியே இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அட்டைத் தேதியைப் பார்த்துவிட்டே பதில் சொல்கிறேன்.