தைரியமான தாயிடம் இரண்டாவது கேள்வி

குழந்தை மருத்துவர் ரெஜினா காலமான செய்தி, கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது கைபேசியில் வந்தது. அதன் கீழே அஞ்சலிகள் குவிந்தன. எல்லாமே ஒன்றைத்தான் சொல்லின: தாய்மார்களுக்கு நம்பிக்கை ஊட்டியவர். அவரை அறிந்து அஞ்சலி எழுதிய உங்களிடம் கேட்கிறேன். நம்பிக்கை என்ற சொல்லை அவர் எப்போதாவது சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டதுண்டா?

முத்தியால்பேட்டையில் அவர் நடத்திய சிறு கிளினிக்குக்கு ஓர் ஆய்வுக்காகப் போனேன். தன்மீது நம்பிக்கையுள்ள தாயின் குழந்தை நலமாக இருக்கும் என்பது என் ஊகம். டாக்டர் சிரித்தார். “புள்ள நல்லா இருந்தா அவளுக்குத் தைரியம் தானா வருது. எது மொதல்ல வந்துச்சுன்னு பாத்தீங்களா, புரொபசரம்மா?” கைராசிக்காரர் என்று ஊர் சொன்னதை நான் நம்பியதில்லை. இந்தக் கேள்வியால்தான் அவரிடம் மரியாதை வந்தது.

ஒருநாள் பிள்ளைச்சாவடியிலிருந்து செல்வி தன் கைக்குழந்தையோடு தடுப்பூசிக்கு வந்தாள். முகத்தில் கவலையே இல்லை.

“வயித்தால போச்சு டாக்டர். சீர் தட்டியிருக்குன்னாங்க. மந்திரிச்சுக் கயிறு கட்டனோம், நின்னுடுச்சு.”

தீட்டுப்பட்டவரின் நிழல் விழுந்து குழந்தைக்கு வயிறு கெடுவதைத்தான் சீர் என்பார்கள்.

“பால் குடிக்கிறானா?”

“முழுசா சரியாவுற வரைக்கும் குடுக்காதன்னாங்க மாமியார்.”

“மூத்திரம் எப்பப் போனான்?”

செல்வி யோசித்தாள். டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். அது மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பியது; உடம்பில் நீர் வற்றியிருந்தது.

“கயிறு கட்டனவரு பால நிறுத்தச் சொன்னாரா?”

“அவரு ஒண்ணும் சொல்லல.”

“அப்பக் குடு. வெறும் வயித்துல கயிறு என்னா செய்யும்?”

எனக்குக் கோபம் வந்தது. “கயிறு வேலை செய்யும்னு நீங்களே சொல்றீங்களே!” என்றேன்.

“நான் எங்க சொன்னேன்? அப்புறம் சண்ட போடுங்க. மொதல்ல அவன் மூத்திரம் போவட்டும்.”

உப்புச் சர்க்கரைக் கரைசலை அவரே கரண்டியால் புகட்டினார். இடையிடையே தாய்ப்பால்.

“விக்காத மீனு கூடையில அப்பிடியே கெடக்குது டாக்டர். வூட்டுக்குப் போய்க் குடுக்கறேனே?”

“தலையாட்டறவள நான் நம்பறதில்ல. ஒக்காரு.”

மதியத்துக்குப் பிறகு குழந்தை டாக்டரின் மடியை நனைத்தது. “ஐயோ, பொடவ!” என்று பதறினாள் செல்வி.

“இதுக்குத்தானடி இவ்ளோ நேரமா ஒக்காந்திருக்கேன்.”

கிளம்பும்போது செல்வி அந்தக் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டாக்டர் தடுக்கவில்லை. அது தவறு என்று அன்றே சொன்னேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அடுத்தமுறை கயிற்றை நம்பி வராமலே இருந்துவிட்டால் என்று அவரிடம் கேட்டேன்.

“அதான் நாளைக்கு நானே போறேன். பயந்தவ ஓடியாந்துடுவா. தைரியமானவளத் தேடிக்கிட்டு நாமதான் போவணும்.”

மறுநாள் பஸ் ஏறிப் போனார். குழந்தை தேறியிருந்தது.

டாக்டரை அடக்கம் செய்த மறுவாரம், எங்கள் துறை அலுவலகத்தில் வேலைபார்க்கும் வாணி சொன்னாள்: “பாப்பாவுக்கு ஜொரம் விட்டுடுச்சு மேடம். காலையிலருந்து நல்லாத் தூங்குறா. பயமில்ல.”

டாக்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது ஆறுதல் அல்ல, தாயின் நிம்மதியைக் கண்டால் இன்னொரு கேள்வி கேட்கும் பழக்கம்தான்.

“எழுப்பினா எழுந்து பால் குடிக்கிறாளா?”

வாணி உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.