மூன்றாம் எண் ரிவால்வர்

மலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சென்றாயன் அண்ணனின் ஜீப்பில் ஏறி எங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் வரும். ரிவால்வர் என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு, கொண்டை ஊசி வளைவெல்லாம் முடிகிறவரை விடமாட்டார். எந்த மாடலை எந்த வருஷம் நிறுத்தினார்கள், எது எந்த ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது, எல்லாம் மனப்பாடம். மலைமேல் ஒண்டிக்கடை முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கும் எனக்கே அதில் பாதி தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் மனிதர் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. சுடும் ஆசையும் இல்லை. அந்த இரும்பு மடங்குவதையும் சுழல்வதையும் கையில் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

காபித் தோட்டத்தில் தனி வீடு என்று எழுதிக் கொடுத்து, ஆறு வருஷம் அலைந்து துப்பாக்கி உரிமம் வாங்கினார். இரண்டு வருஷத்துக்குள் ஆயுதம் வாங்காவிட்டால் அது காலாவதி. கடைசி மாதத்தில்தான் சேலத்துத் துப்பாக்கிக் கடை ஒன்றில் ஏலம் வந்தது. காலமான எஸ்டேட் முதலாளி ஒருவரின் நான்கு ரிவால்வர்கள். மூன்றாம் எண், நடுவில் மடங்கித் திறக்கும் இங்கிலாந்து ரிவால்வர். அண்ணன் பிறப்பதற்கு முன்பே தயாரிப்பு நின்றுபோனது. போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார். அந்தப் பரபரப்பு என்னையும் தொற்றிக்கொண்டது.

அவர் மனைவி கண்ணாயி அக்காவுக்குத்தான் பிடிக்கவில்லை. பன்றி வேட்டையில் யாரோ தவறிச் சுட்ட நாட்டுத் துப்பாக்கிக்கு அவர் அப்பா பலியானவர். "ஊட்டுக்குள்ள துப்பாக்கி வந்தா எனக்குத் தூக்கம் வராதுங்க" என்பார், அதற்கு மேல் பேசமாட்டார். கடைசியில் மலைச் சாமி சேர்வராயனிடம் பூக் கேட்பதென்று ஒத்துக்கொண்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் வாங்கலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சே கூடாது.

ஏலத்தன்று காலை மூவரும் கோயிலுக்குப் போனோம். அக்கா கட்டிவந்த பொட்டலங்களைப் பூசாரி சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. இன்னொன்றை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அண்ணன் வண்டியை எடுத்தார். ஹாரன்கூட அடிக்கவில்லை. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. ஒண்டிக்கடையில் நான் இறங்கப் போன நேரம், பின்சீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏனுங்க... ரெண்டுலயுமே செவப்புத்தானுங்க கட்டுனேன்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமியிடமே விளையாடிவிட்டாரே இந்த மனுஷி!

"சாமிகிட்ட நான் தண்டம் கட்டிக்கறேன். உங்க மூஞ்சியப் பாக்க முடியல. நீங்க போங்க" என்றார் அக்கா.

"நீயும் வா புள்ள" என்றார் அண்ணன். நானும் இறங்கவில்லை. மணி பதினொன்றேகால், பன்னிரண்டுக்கு ஏலம்.

ஜீப் அப்படி இறங்கியதை நான் பார்த்ததில்லை. கடைக்குள் நுழையும்போது இரண்டாம் எண் முடிந்திருந்தது. உரிமம் உள்ளவர்கள் முன்னால், அக்காவும் நானும் சுவரோரம். மூன்றாம் எண்ணுக்குப் பெங்களூர்க்காரர் ஒருவர் விடாமல் ஏற்றினார். எழுபது, எண்பது, எண்பத்தைந்தாயிரம். அண்ணன் கை தயங்கித் தாழ்ந்தது.

"ஒசத்துங்க" என்றார் அக்கா, கடை முழுக்கக் கேட்கும்படி. கை உயர்ந்தது. தொண்ணூறு. பெங்களூர்க்காரர் தலையை ஆட்டி உட்கார்ந்துவிட்டார். நான் கை தட்டியதில் கடைக்காரர் முறைத்தார்.

"எப்ப எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஊட்டுக்கு வேண்டாமுங்க. உங்க காப்பறையிலயே பூட்டி வெச்சிருங்க. மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார் அண்ணன். வாடகை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

ரிவால்வரை வாங்கி மடக்கித் திறந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அக்கா பக்கத்தில் வந்து, தோட்டா போடும் ஓட்டைகளில் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தார்.

"ஆறும் காலிதானுங்க" என்று கடைக்காரரிடமே சொன்னார்.

பதினெட்டு வருஷமாக அப்பா பேச்சையே எடுக்காத அக்கா, அன்று மலையேறி முடிகிறவரை அவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.