மாமனார் பெயரில் ஒரு பிறந்தநாள் தோரணம்

இன்று என் மகனுக்குப் பிறந்தநாள்!

மருமகள் ஆன்லைனில் வாங்கிய துணித் தோரணத்தை ஹாலில் கட்டியிருக்கிறாள். ஒவ்வொரு முக்கோணத்திலும் அவன் பெயரின் ஓர் எழுத்து. (தலை நரைத்த பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள், அவள் ஆசை.)

எனக்குத்தான் பார்த்ததும் பழைய தோரணம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

எண்பதுகளில் மணிமங்கலம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள் நான். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பது அந்த வீட்டு வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் அதே வீட்டு வழக்கம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெற்ற பிள்ளையை நான் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது!

ஊருக்கெல்லாம் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. எனக்கு மட்டும் வெறும் 'ராசா'.

முதல் பர்த்டே வந்தது. வாயால்தானே சொல்லக்கூடாது, தைத்துக் காட்டலாமே என்று நினைத்தேன். (பெரிய புத்திசாலி!)

படப்பை டெய்லரிடம் வெட்டுத்துணி வாங்கி வந்து, கலர் கலராக முக்கோணம் வெட்டி, மேலே எழுத்துகளை வைத்துத் தைத்தேன். கடைசி எழுத்துக்குத் துணி போதவில்லை. என் பழைய உள்பாவாடையில் நல்ல சிவப்பு இருந்தது. துவைத்ததுதானே என்று ஒரு துண்டு வெட்டிவிட்டேன்.

வாசலுக்கு மேலே கட்டியபோது அப்படி ஒரு பூரிப்பு. வாயைத் திறக்காமலே என் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டேனே!

சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் நாத்தனார் ஆரம்பித்தாள்.

"அண்ணி, அந்த செவப்புத் துணி உன் உள்பாவாடதானே? அப்பா பேர அதுலயா வெச்சி தச்சிகினே?"

கூடமே சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை.

"எம் பேர பாவாடத் துணில தச்சி, நாலு பேரு வந்து போற வாசல்ல தொங்க வுட்டுகீறா! அவுத்துப் போடுடா அத!"

"மாமா, அது புள்ள பேரு மாமா..."

"நான் குடுத்தாதாம்மா அது புள்ள பேரு!"

என் கணவர் ஸ்டூல் போட்டு ஏறினார். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன்.

"உனுக்கு இன்னாத்துக்குடி இந்த வேல?" அவ்வளவுதான் பேசினார். தோரணத்தை அவரே அவிழ்த்தார்.

நாத்தனார் அதைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்படியில் கரித்துணியாகப் போட்டாள். மாமனார் பெயரின் முதல் எழுத்தைப் பிடித்துத்தான் சோற்றுப்பானையை இறக்கினோம். அப்போது யாருக்கும் மரியாதை குறையவில்லை!

மாமனார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. தடுக்க ஆளில்லை. ஆனாலும் எனக்கு வாய் வந்ததே இல்லை.

இன்று கேக் வெட்டும்போது மருமகள் ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அத்தை, ஒரே ஒரு தடவ அவர் பேரச் சொல்லி விஷ் பண்ணுங்களேன், வீடியோ எடுக்கறேன்!"

சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். மகன் வந்து கட்டிக்கொண்டான், கண் கலங்கியிருந்தான்.

எனக்கு மாமனாரை மரியாதையில்லாமல் கூப்பிட்டுவிட்ட மாதிரிதான் இருந்தது. அந்தப் பெயரில் என் பிள்ளை இல்லவே இல்லை.