மார்லிஸ் கொல்லையில் கல்யாணம்

எங்கள் தெருவில் மார்லிஸிடம் திட்டு வாங்காதவன் ஒருவனும் இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். தொண்டை மட்டும் ஓய்வுபெறவில்லை. நான் வாசல் சிமெண்டில் வண்டி கழுவினால், "அந்த நுரை எங்கய்யா போகுது, சொர்க்கத்துக்கா? ஓடைக்குத்தான். புல்லுல நிறுத்திக் கழுவு" என்பாள். என் நாய் போனதை நான் அள்ளும்வரை வேலியோரம் நிற்பாள். சனியன் என்று முனகிக்கொண்டே அள்ளுவேன்.

அந்த ஓடை அவள் கொல்லை வழியாகப் போகிறது. இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து சால்மன் மீன்கள் ஏறி வந்து, கூழாங்கல்லுக்குள் முட்டையிட்டுச் செத்துப்போகும். செத்ததை அள்ள விடமாட்டாள். பிணம் பூச்சிக்குத் தீனி, பூச்சி மீன்குஞ்சுக்குத் தீனி. நாற்றம் நமக்கு.

இந்த லட்சணத்தில், அவள் வளர்த்த அண்ணன் மகள் டெஸ்ஸா அக்டோபரில், அதே கொல்லையில் கல்யாணம் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, அன்னிக்கு ஒருநாள் மட்டும் அள்ளிடலாமே."

"முடியாதுடி."

"நான் முக்கியமா, மீன் முக்கியமா?"

மார்லிஸ் ஜன்னல் வழியே ஓடையைப் பார்த்தாள். டெஸ்ஸா கதவை அறைந்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் மார்லிஸ் தெருவில் யாரையும் திட்டவில்லை. வாசல் சிமெண்டிலேயே வண்டி கழுவிப் பார்த்தேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று காலை, மாப்பிள்ளையின் அம்மா கார்லீன் இலை வாரும் வாருகோலோடு ஓடைக்குள் இறங்கிவிட்டாள். "யாராவது ஒருத்தர் இந்தக் கல்யாணத்தைக் காப்பாத்தணும்ல" என்று ஒரு மீனைக் கரைக்கு இழுத்தாள். மார்லிஸ் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தோடு நின்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். டெஸ்ஸாவும் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அப்போது கொல்லைப் படியிலிருந்து ஒரு குரல்.

"யாரும்மா அது? முதல்ல வெளிய வாங்க. அந்த இடத்துல மட்டும் கல்லு பளிச்சுன்னு இருக்கே, கண்ணு தெரியல? கீழே பூரா முட்டை. மிதிச்சுத் தொலைக்காதீங்க."

மார்லிஸின் அதே தொண்டை. ஆனால் நின்றது வெள்ளை கவுனில் டெஸ்ஸா. வாருகோலைப் பிடுங்கி, மீனை மறுபடி தண்ணீரில் தள்ளிவிட்டாள். கவுன் ஓரமெல்லாம் சேறு. வருங்கால மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையேறினாள்.

நான் மார்லிஸைப் பார்த்தேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற? நாத்தம் கண்ணைக் கரிக்குது. உன் நாய் அங்க கேக் மேஜைக்கடியில குத்தவச்சிருக்கு பாரு. போய் அள்ளு."

அப்பாடா என்று போய் அள்ளினேன்.